கத்தியைக் கடித்த கைப்பிடி!

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசுவார்கள்? மண்டபம், சமையல், பத்திரிகை, பந்தியில் மக்ரூன் வைக்கலாமா வேண்டாமா... இப்படித்தானே? எங்கள் வீட்டில் பேசியது சவரக்கத்தியைப் பற்றி!

நான் தூத்துக்குடிக்காரன். ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் உட்கார்ந்து, காலையிலிருந்து ராத்திரி வரை அடுத்தவர் கன்டெய்னருக்கு ஷிப்பிங் பில் போடுகிற உத்தியோகம். முகத்தில் மூணு நாள் தாடி நிரந்தரம். ஸ்டைல் என்று நான் சொல்வேன். சோம்பேறித்தனம் என்று அம்மா சொல்வாள்.

அப்படிப்பட்ட எனக்கு, கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் சவரம் தாத்தாவின் கத்தியால்தான் நடக்கணும் என்று அப்பா அறிவித்துவிட்டார். தாத்தாவுக்கு அந்தக் கத்தி. அப்பாவுக்கும் அதே கத்தி. "மூணாவது தலைமுறை உனக்குடே... தாத்தா சாகும்போது கேட்டது இது ஒண்ணுதான்" என்றார். இதற்கு மேல் பேச முடியுமா? சரி என்றேன்.

கத்தியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க். மூட்டை எண்ணுகிற வேலை. 1974-ல் புது துறைமுகம் பெரிய துறைமுகமாக வருவதற்கு முன்னால், எங்க ஊர் கரைக்குக் கப்பலே வராது. ஆழம் கிடையாது. கப்பல் தூரத்தில் நடுக்கடலில் நிற்கும். சரக்கெல்லாம் தோணியில் போய் வரும். தாத்தாவும் தோணியில் போய், ஏணியில் ஏறி, மூட்டை எண்ணிவிட்டு, வாந்தியும் எடுத்துவிட்டு வருவார். அப்படிப் போன ஒரு நாளில், வெள்ளைக்காரக் கப்பல் ஸ்டூவர்ட் ஒருத்தர் ஒரு சிப்பம் கருப்பட்டிக்குப் பதிலாகக் கொடுத்ததுதான் இந்த மடக்குக்கத்தி. அலகில் 'ஷெஃபீல்டு' என்று முத்திரை. கைப்பிடி தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஒளி ஊடுருவும். நடுநடுவே பழுப்புத் திட்டு.

"அசல் ஆமை ஓடுல்லா!" என்பார் தாத்தா. சாகிற வரைக்கும் அப்படித்தான் நம்பினார்.

அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அப்பா அந்தக் கத்தியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வெல்வெட் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பீரோவில் பூட்டி வைத்தார். கூடவே பஞ்சில் பொதிந்து ஆச்சியின் ஒற்றை முத்து. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தாத்தா வாங்கியது. தோடு எப்போதோ உடைந்துபோய், முத்து மட்டும் மிச்சம்.

நல்ல நாள் பார்த்து டப்பாவைத் திறந்தோம்.

குப்பென்று ஒரு நெடி. கோயில் சூடத்தையும் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கிய மாதிரி. கைப்பிடி முழுக்க மெல்லிசு மெல்லிசாக விரிசல். ஆணி அடித்த இடத்தில் பச்சையாகக் களிம்பு. கத்தியை விரித்தால்... அலகெல்லாம் செம்பழுப்பு. விரலால் தொட்டேன். பொடி உதிர்ந்தது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

குற்றவாளி யார்?

எங்க ஊரில் எது துருப்பிடித்தாலும் ஒரே குற்றவாளிதான். உப்புக் காத்து! கிரில் கேட் போச்சா? உப்புக் காத்து. சைக்கிள் செயின்? உப்புக் காத்து. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். நான் ஆபீஸுக்கு லேட்டாகப் போனால்கூட, 'பைக் ஸ்பார்க் பிளக்கில் உப்புக் காத்து சார்' என்று ஒரு தடவை சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

அந்த வழக்கை உடைத்தவர் எங்க சலூன் அண்ணாச்சி.

அவர் பழைய ஆள். இப்போது சலூனில் எல்லாம் ஆளுக்கொரு புது பிளேடு, பாதியாக உடைத்து மாட்டுகிற கத்தி. அதுதான் சுத்தம், அதுதான் சரி. ஆனால் அண்ணாச்சியின் அப்பா அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர். சாணைக்கல், தோல் வார் எல்லாம் பெட்டியில் இன்னும் இருக்கிறது. சவரக்கத்திக்கு எங்க ஊரில் சரித்திரமே உண்டு சார்! 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்த சமயம், வ.உ.சி.க்கு எதிராகப் பேசிய ஒருத்தருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். பாதி முகத்தோடு அந்த மனிதர் திண்டாடினாராம். அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்த கதை. என் முகத்தில் பாதி நுரை இருக்கும்போதுதான் அதைச் சொல்வார். அரசியல் பேச எனக்கு வாயே வராது.

அவர் கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உப்புக் காத்துன்னா எது முதல்ல துருப்பிடிக்கணும்?"

"வெளியே தெரியற பாகம்."

"மடக்கி வச்சா வெளியே தெரியறது இந்த வால்தான? வாலைப் பாருங்க. புதுப் பொண்ணு மாதிரி மின்னுது. பிடிக்குள்ள பதுங்கிக் கிடந்த அலகுதான போயிருக்கு? பிடி எதுவரைக்கும் மூடியிருக்கோ, அதுவரைக்கும் துரு. கோடு போட்ட மாதிரி நிக்குது பாருங்க."

ஷெர்லாக் ஹோம்ஸ் தூத்துக்குடியில் சலூன் வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்கப்பா அடைப்பத்துலயும் ஒண்ணு இப்படிப் போச்சு. அதுவும் இதே தேன் கலர். எதனாலன்னு எனக்குத் தெரியாது. ஆனா கத்தியைக் கடிச்சது பிடிதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பஞ்சும் சூடமும்

எதனால் என்பதை எங்க தெருவில் இருக்கும் ரிட்டயர்ட் கெமிஸ்ட்ரி சார் சொன்னார். டப்பாவைத் திறந்து ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"ஆமை ஓடாவது, ஒண்ணாவது! இது செல்லுலாய்டுப்பா."

உலகத்தின் ஆதி பிளாஸ்டிக். 1862-ல் லண்டன் கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் இதன் முன்னோடியைக் காட்டினார். 1870 வாக்கில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாத் என்பவர் அதைச் சரியாகப் பக்குவம் பண்ணினார். அதற்கு 'செல்லுலாய்டு' என்று பெயர் வந்தது. அவர் தேடியது பில்லியர்ட்ஸ் பந்துக்கு. அதுவரை யானைத் தந்தத்தில் செய்தார்கள். தந்தத்துக்கும் ஆமை ஓட்டுக்கும் பதில் சல்லிசாக ஒரு பொருள் கிடைத்ததும் சீப்பு, பொம்மை, கண்ணாடி ஃபிரேம், பேனா, கத்திப்பிடி என்று உலகமே செல்லுலாய்டு ஆகிவிட்டது. டேபிள் டென்னிஸ் பந்துகூட 2014 வரைக்கும் பெரிய போட்டிகளில் செல்லுலாய்டுதான்.

"எதுல செய்யறாங்க தெரியுமா? பஞ்சு. பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் சல்ஃபூரிக் அமிலத்திலும் போட்டுப் பக்குவம் பண்ணுவாங்க. அப்புறம் கற்பூரம் சேர்த்துப் பிசைவாங்க."

"நம்ம சூடமா சார்?"

"நம்ம சூடமேதான். பஞ்சுத் திரி, சூடம்... ரெண்டையும் ஒண்ணாப் பிசைஞ்சா என்ன ஆகும்? எப்படா தீக்குச்சி வரும்னு காத்துக்கிட்டு இருக்கும்."

பத்து இருபது வருஷத்தில் ஒன்றும் தெரியாது. எழுபது எண்பது வருஷம் போனால் வியாதி ஆரம்பிக்கிறது. சூடம் திறந்து வைத்தால் கரைந்து காற்றோடு போவது மாதிரி, பிடிக்குள் இருக்கிற சூடமும் மெல்ல மெல்ல வெளியே போகிறது. பிடி சுருங்கி, கோணி, விரிசல் விடுகிறது. பஞ்சுக்குள் ஏற்றிய நைட்ரஜன் பிரிந்து வாயுவாக வருகிறது. அதோடு காற்றின் ஈரம் சேர்ந்தால்? மறுபடி நைட்ரிக் அமிலம்! இந்த அமிலம் பிடியை இன்னும் அரிக்க, அதிலிருந்து இன்னும் வாயு வர, அதிலிருந்து இன்னும் அமிலம். வட்டிக்கு வட்டி மாதிரி. மடக்கி வைத்த அலகு ராத்திரி பகலாக அந்த ஆவியிலேயே குளிக்கிறது. இரும்பு செம்பழுப்பு ஆகிறது. பித்தளை ஆணி பச்சையாகிறது.

"சூடும் ஈரமும் இருந்தா இது குதிரை வேகம். தூத்துக்குடில எதுக்குப் பஞ்சம், இதுக்குப் பஞ்சம்?" என்றவர், அப்பாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "டப்பாவில போட்டு மூடி வச்சது யாரு?"

அப்பா கையைத் தூக்கினார், ஸ்கூல் பையன் மாதிரி.

"திறந்து கிடந்திருந்தா வாயு காத்தோட போயிருக்கும். கொஞ்சம் தப்பிச்சிருக்கும். நீங்க பத்திரமா மூடி வச்சதுல, விஷவாயு அறைக்குள்ள விட்டுப் பூட்டின மாதிரி ஆயிட்டு."

உப்புக் காத்துக்குப் பயந்து மூடியதுதான் கத்திக்கு வினையாகிவிட்டது.

சார் விடவில்லை. "நீ சினிமாக்காரன்லா, கேட்டுக்கோ. 1950 வரைக்கும் சினிமா பிலிமும் பெரும்பாலும் இதே சரக்குதான். நைட்ரேட் பிலிம். சுலபமாத் தீப்பிடிக்கும். வச்சிருந்தாலும் மக்கும். 1931-ல வந்த நம்ம முதல் பேசும்படம் 'காளிதாஸ்' பிரதி இன்னிக்கு ஒண்ணுகூடக் கிடைக்கல. 2003 ஜனவரியில புனேயில தேசியத் திரைப்படக் காப்பகத்தோட நைட்ரேட் கிடங்கு தீப்பிடிச்சு ஏராளமான ரீல் சாம்பலாச்சு. நீ பீரோவுல வச்சிருந்தது அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்."

அம்மா அவசரமாகப் பூஜை அலமாரிப் பக்கம் பார்த்தாள். பீரோவுக்கும் விளக்குக்கும் நாலு அடிதான்.

முத்து போச்சு

அப்போதுதான் அம்மா பஞ்சுப் பொதியைப் பிரித்தாள்.

முத்து ஊறவைத்த அரிசி மாதிரி வெளுத்திருந்தது. பளபளப்பே இல்லை. நகத்தில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது.

சார் அதைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லுக்குச் சொந்தக்காரன். அமிலம் பட்டால் கரையும். கிளியோபாட்ரா பெரிய முத்து ஒன்றை வினிகரில் கரைத்துக் குடித்தாள் என்று ரோமாபுரி பிளினி எழுதிவைத்த கதை உண்டே, அது இந்தச் சங்கதிதான். இந்த வியாதி பக்கத்தில் இருப்பதையும் தொத்தும். கத்தியோடு ஒரே டப்பாவில் கிடந்த பாவத்துக்கு முத்தும் போனது.

"இரும்பைத் தேய்ச்சு எடுத்துடலாம். முத்து மேல உள்ள படலம் போச்சுன்னா போச்சுதான்" என்றார் சார்.

எங்க கடலில் 1955-லிருந்து வரிசையாக முத்துக்குளிப்பு நடந்தது. 1961-தான் கடைசி. அதற்கப்புறம் பாரில் சிப்பி சேரவில்லை, முத்துக்குளிப்பும் நடக்கவில்லை. கடையில் வளர்ப்பு முத்து எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். இதைக் கொடுத்த கடல் இனி கொடுக்காது. ஆச்சி முகத்தில் ஒரு காலத்தில் ஒளி விட்டது, அம்மா உள்ளங்கையில் சுண்ணாம்பாகக் கிடந்தது.

பிடியா, கத்தியா?

இனிமேல்தான் உண்மையான சண்டை.

"பிடியைக் கழட்டித் தூரப் போடணும். இதுக்கு வைத்தியம் கிடையாது. வார்னிஷ் அடிச்சாலும் நிக்காது, உள்ளே மக்கிக்கிட்டேதான் இருக்கும். பிடியை வச்சுக்கிட்டுக் கத்தியைக் காப்பாத்த முடியாது" என்றார் சார்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், இங்கே பாருங்க" என்று பிடியைக் காட்டினார். கட்டைவிரல் அழுத்துகிற இடத்தில் லேசாக ஒரு குழி. வருஷக்கணக்காகத் தேய்ந்தது. "இது எங்கப்பா விரல் சார். இரும்பு எவனோ சீமைக்காரன் செஞ்சது. இந்தக் குழிதான் எங்கப்பா செஞ்சது. இதைத் தூரப் போட்டுட்டா, அப்புறம் இது எங்கப்பா கத்தியா?"

என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. சார்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ரெண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. கத்தி மாடி வராந்தாவில் திறந்து கிடந்தது. மூணாம் நாள் ராத்திரி அப்பா அந்த முத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏல, அப்பா கப்பல்ல என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாவ?"

"மூட்டை எண்ணினாவ."

"எண்ணுறவாளுக்கு எது போச்சு, எது மிச்சம்னு தெரியணும்லா? முத்து போச்சு. கத்தி மிச்சம். எடுடே அரத்தை!"

ஆபரேஷன்

சுத்தியலால் அடித்து ஆணியைப் பிடுங்கக் கூடாது, அலகு விண்டுவிடும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அதனால் ஆணித் தலையைச் சின்ன அரத்தால் பைய ராவி, மெல்லிய கம்பியால் தள்ளி எடுத்தோம். டிரில் மிஷினுக்குத் தடை! சூடு பட்டால் சூடம் சும்மா இருக்காது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் காவல்.

பிடி கழன்றதும் அலகைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசினோம். மிச்சமிருக்கும் அமிலத்தை அது அடக்கும். கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்து, எண்ணெய் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். முதலில் கொஞ்சம் சொரசொரப்பு, அப்புறம் நைசு, அப்புறம் அதைவிட நைசு. மூணு சாயங்காலம். ஷிப்பிங் பில் தட்டிப் பழகிய என் விரல்கள் அழுதன. செம்பழுப்பு போய் வெள்ளி வந்தது. நடுவில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் மட்டும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

கூர்தான் முக்கியம். அதில் ஒரு சின்னக் குழி இருந்தாலும் கன்னத்தில் கோடு போட்டுவிடும். அண்ணாச்சி சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்தார், நல்ல இரும்பு வருகிற வரைக்கும். அரை நூல் அகலம் போனது. "சாமி காப்பாத்திச்சு. இன்னும் ஒரு வருஷம் மூடிக் கிடந்திருந்தா சாணைக்கும் அடங்கியிருக்காது" என்றார்.

புதுப் பிடி? மாட்டுக்கொம்பா, மரமா என்று யோசித்தபோது அப்பாவே கண்டுபிடித்தார். தாத்தா கட்டிய பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த பனங்கை ஒன்று பின்கட்டில் கிடந்தது. ஓட்டுக்கூரையைத் தாங்கிய பனை வைரம். கருகருவென்று, நடுவில் தேன் நிறக் கோடு. ஆசாரி அதை அறுத்து, இழைத்து, சிலாம்பு குத்தாமல் வார்னிஷ் கொடுத்து, புதுப் பித்தளைக் கம்பி போட்டு முடுக்கினார். கைப்பிடிக்குப் பனங்கை!

பழைய பிடி? அப்பா அதைத் தூரப் போடவில்லை. ஒரு பேப்பர் கவரில் போட்டு, மாடி வராந்தாவில், வெயில் படாத மாடத்தில், காற்றாட வைத்திருக்கிறார். பக்கத்தில் இரும்பு கிடையாது. அடுப்பும் விளக்கும் அண்டாது. வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பார். நாளுக்கு நாள் உதிர்கிறது. அந்தக் கட்டைவிரல் குழி இன்னும் இருக்கிறது.

உங்க வீட்டுப் பெட்டியில்...

நீங்கள் சிரிக்கலாம். இந்தக் காலத்தில் யார் மடக்குக்கத்தி வைத்திருக்கிறார்கள் என்று. பழைய பேனா? பழைய கண்ணாடி ஃபிரேம்? பாட்டியின் சீப்பு? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

மூக்கை நம்புங்கள். சூட வாசனையோ, கண் எரிகிற நெடியோ வந்தால் உஷார்.

கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற, தேன் நிற, ஆமை ஓட்டு நிறப் பிடிகள்தான் பெரும்பாலும் முதலில் மக்குகின்றன. தந்தம் மாதிரி வெள்ளையாக இருப்பவை பொதுவாகக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நிஜக் கொம்பு, எலும்பு, மரத்துக்கு இந்த வியாதி கிடையாது.

பிடியில் விரிசல், வேர்த்த மாதிரி ஈரம், ஆணியில் பச்சை, அலகில் பிடி மூடிய இடத்தில் மட்டும் துரு... இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மற்ற சாமான்களோடு சேர்க்காதீர்கள். டப்பாவில் போட்டு மூடாதீர்கள். காற்றாட, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

செல்லுலாய்டுதானா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்காதீர்கள்! எரிகிற குப்பையிலும் போடாதீர்கள்.

கல்யாணத்தன்று காலையில் அண்ணாச்சி படிகாரக் கல்லை நனைத்து வைத்துக்கொண்டு கத்தியை விரித்தார். கரகரவென்று ஒரு சத்தம். ஒரு கீறல் இல்லை. என் மூணு நாள் தாடி நிமிஷத்தில் காணோம். முடித்ததும் பழக்கதோஷத்தில் பிடியை மோந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பாவும் மோந்து பார்த்தார்.

"பனை வாசந்தான் வருது" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நுரை தெறித்துவிட்டதாம்.

மறுவீட்டுக்குப் போனேன். மாமனாரிடம் பழைய பவுன்டன் பேனாக்கள் ஒரு டப்பா நிறைய இருப்பதாகச் சொன்னார். விடுவேனா? ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். தேன் நிறப் பேனா ஒன்றில் அந்த நெடி. கிளிப்பில் பச்சை. அதைத் தனியே எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு நிமிர்ந்தால், மாமனார் என் மனைவியை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"ஏம்மா... மாப்பிள்ளைக்கு ஏதும் பழக்கம் உண்டா?"